யார் பெற்ற பிள்ளை?

இளம் பிராயத்தில் கேட்ட கதைகளில் சில, கதையின் சுவையால் மட்டும் நினைவில் நிற்பதில்லை. கேட்ட இடமும் உடன் கேட்டவர்களும் அவற்றோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடுகின்றன. அப்படி ஒரு கதை எனக்கு உண்டு.

எங்கள் மாமா இங்கிலீஷ் படித்தவர். கோடை விடுமுறையில், இராச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, தாம் படித்த நாவல்களைத் தமிழில் சொல்லுவார். ஒரு வருஷம் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையை நான்கு இரவுகள் சொன்னார். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள், குழந்தைகள் எல்லோரும் கூடிக் கேட்டோம். தாயில்லாத அந்தப் பையன் பட்ட பாட்டைக் கேட்டு அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் கதை கேட்டாள். தூரத்து உறவு; தாய் தகப்பன் இருவரையும் இழந்தவள்; பன்னிரண்டு வயது இருக்கும். "பாவம், நாங்கள்தான் வைத்துக் காப்பாற்றுகிறோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லுவார்கள். கிணற்றடியில் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, அத்தையின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூணோரமாக நின்று கேட்பாள். பாயில் அவளுக்கு இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை. இருக்கிறது என்றும் யாரும் சொன்னதில்லை.

நான்காம் நாள் கதை முடிந்தது. ஆலிவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, அவன் தகப்பனார் அவனுக்காக உயில் எழுதி வைத்திருந்தார் என்று தெரிந்ததும் பாட்டிக்குப் பரம திருப்தி. "அதுதானே பார்த்தேன்! யார் பெற்ற பிள்ளை என்று முகத்திலேயே தெரியாதா?" என்றாள். அப்போது தூணோரத்திலிருந்து அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஏன் மாமா, அந்தப் பையனுக்கு அப்புறம் வயிறு நிறையச் சாதம் போட்டார்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதையின் முடிச்சு எங்கே அவிழ்ந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை என்று எண்ணினோம். வயது ஏறி, நூல்களை நானே படிக்கத் தொடங்கிய பிறகுதான், கவனிக்காதவர்கள் நாங்களே என்று விளங்கிற்று.

அநாதைக் குழந்தை தோன்றும் கதைகளில் இந்த இரண்டு கேள்விகளும் மாறி மாறி எழுகின்றன. ஒன்று பாட்டியின் கேள்வி: 'யார் பெற்ற பிள்ளை?' மற்றொன்று அந்தப் பெண்ணின் கேள்வி: 'சாதம் போட்டார்களா?' ஓர் ஆசிரியர் எந்தக் கேள்விக்கு விடை சொல்லுகிறார் என்பதைக் கொண்டு, அவருடைய நெஞ்சையும் அவருடைய காலத்தையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

கஞ்சிக் கிண்ணம்

'ஆலிவர் ட்விஸ்ட்' 1837-ஆம் ஆண்டு முதல் 1839 வரை ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பு, 1834-இல், இங்கிலாந்தில் ஏழைகளைப் பற்றிப் புதிய சட்டம் ஒன்று செய்தார்கள். உதவி வேண்டுமானால் ஏழைகள் அதற்கென்று ஏற்பட்ட விடுதிக்குள் வந்து அடைபட வேண்டும். விடுதி வாழ்க்கையோ, வெளியில் உள்ள மிகத் தாழ்ந்த கூலிக்காரனுடைய வாழ்க்கையைக் காட்டிலும் கஷ்டமாக இருக்க வேண்டும். சட்டத்தின் உட்கருத்து இதுதான். உதவி கேட்பதற்கே மனிதன் அஞ்சினால் செலவு குறையும் அல்லவா?

டிக்கன்ஸ் இச்சட்டத்தை எதிர்த்து நீண்ட வாதம் செய்யவில்லை. ஒரு கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினார். பசி தாங்காத விடுதிச் சிறுவர்கள் சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டு ஆலிவர் பேரில் விழுகிறது. ஒன்பது வயதுப் பையன் கிண்ணத்தோடு எழுந்து சென்று இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிறான். அவ்வளவுதான், ராஜத் துரோகம் நடந்துவிட்டதுபோல் நிர்வாகிகள் நடுங்குகிறார்கள். அவனை யாராவது அழைத்துக்கொண்டு போனால் ஐந்து பவுன் தருவதாக வாசலில் விளம்பரம் ஒட்டுகிறார்கள். அவனுக்குப் பெயர் வைத்த விதமும் இப்படித்தான். விடுதியில் சேரும் தாயற்ற குழந்தைகளுக்கு ஓர் அதிகாரி அகரவரிசைப்படி பெயர் வைத்துக்கொண்டு வருகிறார். பண்டகசாலை மூட்டைகளுக்கு அடையாளம் இடுவதுபோல, 'டி' என்னும் எழுத்து இவனுக்கு விழுந்தது.

டிக்கன்ஸ் அநாதையல்ல. ஆனால் 1824-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, தகப்பனார் கடனுக்காகச் சிறை சென்றார். பையன் பாதரட்சைக்குப் போடும் கறுப்பு மை செய்யும் தொழிற்சாலையில் ஜாடிகளுக்குக் காகிதம் ஒட்டினான். ஆகவே கைவிடப்பட்ட குழந்தையின் மனநிலை அவர் புத்தகத்தில் படித்து அறிந்ததன்று.

இருந்தும் கதையின் முடிவில் அவர் எங்கள் பாட்டியின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். ஏழை விடுதியில் வளர்ந்த ஆலிவர், கனவான் வீட்டுப் பிள்ளையைப் போலப் பேசுகிறான். ரத்தம் தானே பேசுகிறது என்பதுபோல! கடைசியில் தகப்பன் பெயர் தெரிகிறது, சித்தி கிடைக்கிறாள், சொத்தும் கிடைக்கிறது. (ஆலிவரின் தாய் மணமாகாதவள் என்பதை மாமா எங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பது, நான் புத்தகத்தைப் படித்தபோது தெரிந்தது. சொல்லியிருந்தால் பாட்டிக்கு அவன் முகத்தில் என்ன தெரிந்திருக்குமோ?)

அதே கதையில் டிக் என்று இன்னொரு சிறுவன் வருகிறான்; ஆலிவருடன் சிறு வயதில் பட்டினி கிடந்த தோழன். அவனுக்கு மறைந்திருந்த தகப்பன் இல்லை, உயில் இல்லை. நல்ல நிலைக்கு வந்த ஆலிவர் அவனைத் தேடிச் செல்லும்போது, அவன் இறந்து போயிருக்கிறான். 'யார் பெற்ற பிள்ளை?' என்பதற்கு நல்ல விடை இல்லாத குழந்தையின் கதை அது. இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

பறம்பு மலையின் பெண்கள்

நல்ல விடை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் புறநானூறு சாட்சி.

பறம்பு மலைத் தலைவன் பாரி வள்ளலை மூவேந்தரும் முற்றுகையிட்டு ஒழித்தனர். அவனுடைய பெண்கள் இருவரும் திக்கற்றுப் போனார்கள். அவர்கள் யார் பெற்ற பெண்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தவன் மக்கள் என்றால் தமிழகத்தில் அறியாதவர் யார்? அவர்களுடைய பெயரில் வழங்கும் பாட்டு ஒன்று இன்றும் புறநானூற்றில் இருக்கிறது.

அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு, தகப்பனின் நண்பரான கபிலர் அரசர்களின் வாயிலுக்குச் சென்றார். விச்சிக்கோனிடம் சென்று, இவர்களை மணந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார், பலிக்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் மறுத்தான். தம் பாட்டால் பல மன்னர்களுக்குப் புகழைக் கொடுத்த பெரும் புலவர், இரண்டு பெண்களுக்கு ஒரு நிழலைக் கேட்டு ஊர் ஊராக நடந்தார். குலப் பெருமையைச் சொல்லிக் கேட்டும் கதவு திறக்கவில்லை. வென்ற வேந்தர்களுடைய பகை எதிரே நிற்கும்போது, தோற்றவனுடைய குலப் பெருமை எதற்கு உதவும்?

கடைசியில் அப்பெண்களைப் பாதுகாப்பான இடத்தில் ஒப்புவித்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பது வரலாறு. திருக்கோவலூர்க் கோயிலில் இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அவர் முடிவைப் பேசுகிறது. பின்னாளில் எழுந்த கதைகள் ஔவையாரை அங்கே வரவழைத்து, அப்பெண்களுக்கு மணம் செய்து வைக்கின்றன. அந்த இருவரையும் நிர்க்கதியாக விட்டுவிடத் தமிழ் மக்களுக்கு மனம் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ரத்தன் கேட்ட கேள்வி

கபிலரைப் போல வாயில் வாயிலாகக் கூட்டிச் செல்லவும் ஆளில்லாத ஒரு பெண்ணை, ரவீந்திரநாத டாகுர் 1891-இல் எழுதிய 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் சிறுகதையில் காண்கிறோம். வங்காளத்தில் ஒரு குக்கிராமம். அங்கே கல்கத்தாவிலிருந்து ஓர் இளைஞர் போஸ்ட்மாஸ்டராக வருகிறார். ரத்தன் என்னும் அநாதைப் பெண் அவருக்கு வேலை செய்து, அதற்குப் பதிலாகச் சாப்பாடு பெறுகிறாள். பன்னிரண்டு பதின்மூன்று வயது. பொழுது போகாத அவர் அவளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கிறார்; தம் தாயையும் அக்காளையும் பற்றிச் சொல்லுகிறார். கேட்டுக் கேட்டு அவர்கள் தன்னுடைய உறவினரே என்று அந்தப் பெண் நினைக்கத் தொடங்குகிறாள். அவர் ஜுரத்தில் விழுந்தபோது வைத்தியரை அழைத்து வந்து, வேளை தவறாமல் மருந்து கொடுத்து, இரவெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

உடம்பு தேறியதும் அவர் வேலையை விட்டுப் புறப்படுகிறார். தன்னையும் அவர் வீட்டுக்கு அழைத்துப் போக முடியுமா என்று அவள் கேட்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அது எப்படி முடியும் என்கிறார். ஏன் முடியாது என்று விளக்குவது அவசியம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. போகும்போது பணம் கொடுக்கிறார். அவள் காலில் விழுந்து, வேண்டாம் என்று மறுத்து ஓடிவிடுகிறாள்.

இக்கதையில் கொடியவர் ஒருவருமில்லை. போஸ்ட்மாஸ்டர் நல்லவர்; படித்தவர்; இரக்கமுள்ளவர். படகு ஆற்றில் சென்ற பிறகு, திரும்பிப் போய் அவளை அழைத்து வரலாமா என்றும் எண்ணுகிறார். ஆனால் காற்று பாயை நிரப்பிவிட்டது. உலகில் பிரிவு சகஜந்தானே என்று தத்துவம் பேசி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். ஆலிவரின் கதையைப் படிக்கும்போது கொடிய அதிகாரிகளை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ரத்தனின் கதையைப் படித்துவிட்டு அப்படித் தூங்க முடிவதில்லை. ஏனென்றால் அந்தப் படகில் இருப்பவர் நம்மைப் போன்றவர்.

இரண்டு ஐரிஷ் பிள்ளைகள்

ஒரே காலத்தில் எழுதப்பட்ட இரண்டு நாவல்களை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்று 1901-இல் வந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்'. மற்றொன்று 1910-இல் நூலாக வெளிவந்த டாகுரின் 'கோரா'. இரண்டிலும் கதாநாயகன் இந்தியாவில் வளர்ந்த ஐரிஷ் அநாதை.

கிம் லாகூர் வீதிகளில் இந்துஸ்தானி பேசித் திரியும் பையன். கழுத்தில் தொங்கும் தாயத்தில் அவன் பிறப்பைத் தெரிவிக்கும் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தகப்பனுடைய பழைய பட்டாளத்தார் கண்டதும் அவன் 'ஸாஹேப்' ஆகிவிடுகிறான். பள்ளிக்கும், பின்னர் வெள்ளைக்காரர் அரசாங்கத்தின் உளவு வேலைக்கும் போகிறான். பாட்டியின் கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த விடை சாம்ராஜ்யத்துக்குப் பயன்பட்டது. ஆயினும் அந்த நாவலில் நம் மனத்தை விட்டு அகலாத காட்சி வேறு: கிழ லாமா ஒருவருக்காக, அவருடைய பிக்ஷா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் காய்கறிக்காரியிடம் அன்னம் கேட்கும் காட்சி. அவன் சாம்ராஜ்யத்தின் பிள்ளையாவதற்கு முன்னால் இன்னொருவருடைய பசிக்குப் பிள்ளையாக இருந்தான்.

கோராவின் கதை இதற்கு நேர் எதிர். 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் கணவனை இழந்த ஐரிஷ் மாது ஒருத்தி, ஒரு வங்காளி பிராம்மணர் வீட்டில் அடைக்கலம் புகுந்து, குழந்தையைப் பெற்று இறந்து போகிறாள். பிள்ளையில்லாத ஆனந்தமயி அக்குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அன்று முதல் ஜாதி ஆசாரத்தை விட்டுவிடுகிறாள். ஆனால் உண்மை அறியாமல் வளர்ந்த கோராவோ ஆசாரத்தில் தீவிரமானவன். லட்சுமியா என்னும் கிறிஸ்தவ வேலைக்காரி புழங்குகிறாள் என்பதற்காகத் தாயின் அறையிலும் சாப்பிட மறுக்கிறான்.

கடைசியில், நோயுற்ற தகப்பனார் தமக்கு அந்திமக் கடன் செய்ய அவனுக்கு உரிமையில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஒரு நொடியில் அவனுக்குத் தாய் தந்தை, ஜாதி, குலம், கோயில் எதுவுமே இல்லாமற் போகிறது. கிம்முக்கு உண்மை தெரிந்தபோது ஒரு பட்டாளம் கிடைத்தது. கோராவுக்கோ இருந்ததெல்லாம் போயிற்று. அதனாலேயே பாரத தேசம் முழுவதும் அவனுடையதாயிற்று. எல்லா ஜாதியும் தன் ஜாதி, எல்லார் அன்னமும் தன் அன்னம் என்று உணருகிறான். உணர்ந்தவன் பிரசங்கம் செய்யவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஆனந்தமயியே தன் தாய் என்று சொல்லி, லட்சுமியாவின் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுகிறான். தேசப்பற்றைப் பற்றி எவ்வளவோ புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

பசுவின் மகன்

டாகுருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வழியில் நடந்தவர் நம் சீத்தலைச் சாத்தனார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898-இல் அச்சிட்டுத் தந்த மணிமேகலையில் ஆபுத்திரன் சரித்திரம் இருக்கிறது.

காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு யாத்திரை வந்த சாலி என்னும் பெண், வழியில் பெற்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுப் போய்விடுகிறாள். ஏழு நாள் ஒரு பசு அதற்குப் பால் கொடுக்கிறது. பூதி என்னும் அந்தணன் கண்டெடுத்து, தன் மகன் என்று வளர்த்து, வேதம் ஓதுவிக்கிறான். பையன் பெரியவனானதும், வேள்விக்காகக் கட்டியிருந்த பசு ஒன்றை இரவில் அவிழ்த்து ஓட்டிச் செல்லுகிறான். பிடித்து அடிக்கிறார்கள். 'ஆ மகன்' என்று ஏசுகிறார்கள். போற்றத்தக்க முனிவர்களில் பசுவின் மகனும் மானின் மகனும் புலியின் மகனும் நரியின் மகனும் இருக்கிறார்களே என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அதன் மேல் ஒருவன் சாலியின் கதையை வெளியிட்டுவிடுகிறான். 'யார் பெற்ற பிள்ளை?' என்பதற்கு விடை கிடைத்துவிட்டது! விடை கிடைத்த அன்றே வளர்த்த தந்தையின் வீடு போயிற்று. பிச்சைப் பாத்திரத்தில் அன்னத்துக்குப் பதிலாகக் கல் விழுந்தது.

அவன் மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயிலின் முன்மண்டபத்தில் தங்கி, வீடுதோறும் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், நோயாளிகள், காப்பாரற்றவர் எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டினான். மிச்சத்தைத் தான் உண்டு, திருவோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். மழைக்கால நள்ளிரவில் சிலர் பசி என்று வந்து எழுப்பியபோது, கொடுக்க ஒன்றுமில்லையே என்று தவித்தான். அப்போது தேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். கதையில் வரும் அநாதைகள் பலருக்குக் கடைசியில் தகப்பன் சொத்துக் கிடைக்கிறது. இவனுக்குக் கிடைத்ததோ எடுக்க எடுக்கக் குறையாத ஒரு சோற்றுப் பாத்திரம். அதுவும் தனக்காக அன்று.

இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்றபோது அவன் நகைத்தான். பசித்தவர் உண்டு மகிழும் முகத்தைக் காணும் பேறு தனக்கு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றான். இந்திரன் பொறாமையால் நாட்டில் மழை பெய்வித்து, பசித்தவரே இல்லாமற் செய்துவிட்டான். உண்பார் உளரோ என்று கேட்டுத் திரிந்த ஆபுத்திரனை ஊரார் பரிகசித்தார்கள். பஞ்சம் மிகுந்த சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறினான். மணிபல்லவத்தில் இறங்கியிருந்தபோது கப்பல் அவனை விட்டுப் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் அமுதசுரபி, அவன் ஒருவன் வயிற்றை நிரப்ப அதற்குச் சிரமமில்லை. ஆனால் பலருயிரைக் காக்கும் பாத்திரத்தைத் தன் ஒருவன் வயிற்றுக்கு வைத்துக்கொள்ள மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்து, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றிற்று.

பாட்டியின் கேள்வியால் கல்லடி பட்டவன், அந்தப் பெண்ணின் கேள்வியை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வாழ்ந்து முடித்தான்.

நம் வீட்டுக் கதை

"திக்கற்றவருக்குத் தெய்வமே துணை" என்பது நம் பழமொழி. நல்ல பழமொழிதான், ஆனால் தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரன் தப்பித்துக்கொள்ளவும் அதில் இடமிருக்கிறது. நம் பழைய வழக்கத்தில் ஸ்வீகாரம் என்பது பெரும்பாலும் பெரியவர்களின் தேவைக்காகவே இருந்தது. குலம் விளங்கவும், பிண்டம் போடவும் ஒரு பிள்ளை வேண்டும். ஆகவே ஆண் குழந்தையையே எடுத்தார்கள். பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்று ஹிந்துக்களுக்குச் சட்டம் வகுத்தது 1956-ஆம் ஆண்டில்தான். ரத்தன்களுக்கு அதுவரை சட்டத்தின் கதவும் மூடியே இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த சிறார் நீதிச் சட்டம், எம்மதத்தாரும் குழந்தைகளைத் தத்தெடுக்க வழி வகுத்தது.

சட்டத்துக்காகக் காத்திராமல் கதவைத் திறந்தவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆதரவற்ற பெண்களுக்காக ஓர் இல்லம் ஏற்படுத்தி, அதற்கு ஔவை இல்லம் என்று பெயர் வைத்தார். பாரி மகளிரின் கதை தெரிந்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. 1992-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றவர்கள் வேண்டாமென்று கருதும் குழந்தையை, யாரும் கேள்வி கேட்காமல் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். சாலி விட்டுச் சென்ற குழந்தைக்குப் பசு வந்தது. எல்லாக் குழந்தைக்கும் பசு வராது.

ஆனால் சட்டமும் இல்லமும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது நம்முடைய வீட்டுத் தூணோரம். நாவலைப் படித்து அழுவதற்கு நமக்குக் கண்ணீர் தாராளமாக இருக்கிறது. அந்தக் கண்ணீர் விழுவதற்கு முன், பாயில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடமிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த நூல்களுக்கெல்லாம் நாம் செய்யக் கூடிய மரியாதை.

அன்றிரவு நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் எல்லோரும் சிரித்தபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டார்.

"குழந்தை தூங்கினதும் சாப்பிடுவேன், மாமா" என்றாள் அவள்.

மணி பத்தடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. மாமா எழுந்தார். குழந்தையைத் தம் கையில் வாங்கி அத்தையின் மடியில் விட்டார். விளக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குச் சென்று, தாமே இலை போட்டு அவளை உட்கார்த்திப் பரிமாறினார். முற்றத்தில் யாரும் பேசவில்லை.

மறு வருஷம் கோடையில் மாமா வேறொரு கதை சொல்ல உட்கார்ந்தபோது, அவள் பாயில் உட்கார்ந்து கேட்டாள்.